மிக்ஸி, அன்னபேதி, பழைய ஹார்ட் டிஸ்க்: காந்தத்துக்கு இழுபடும் கிராஃபீன் செய்த பதிவு

ஒருவழியாகப் போன வாரம் நடந்துவிட்டது. கன்னங்கரேலென்று இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் பக்கவாட்டில் ஹார்ட் டிஸ்க் காந்தத்தை வைத்துவிட்டு, வந்தவருக்குச் சார்ஜிங் போர்டு மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். காந்தம் இருந்த பக்கம் கறுப்பாகக் கெட்டிப் பட்டை ஒன்று படிந்திருந்தது. மிச்சத் தண்ணீர் வழியாக, பாட்டிலுக்குப் பின்னால் கிடந்த மல்டிமீட்டரின் எண்களைப் படிக்க முடிந்தது. செய்த வரிசை மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். யாராவது செய்து பார்க்க நினைத்தால் பாதிப் பணமாவது மிஞ்சும்.

எனக்குப் பாளையங்கோட்டையில் மொபைல், மிக்ஸி ரிப்பேர் கடை. படித்தது பி.எஸ்சி. இயற்பியல், அதுவும் பல வருஷத்துக்கு முன்னால். இந்த வேலையைக் கிளப்பி விட்டது அக்கா மகள். எம்.எஸ்சி. படிக்கிறாள். இரு பரிமாணப் பொருள்களின் (ஓரிரு அணு கனமே உள்ள தகடுகளின்) மேல் காந்த நானோ துகள்களை (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கே உள்ளவற்றை) ஏற்றுவது பற்றி ஏதோ கட்டுரையைப் படித்துவிட்டு, "மாமா, இதுக்கு வேண்டிய சாமான் பாதி உங்க கடையிலேயே கிடக்கு" என்றாள். எண்ணிப் பார்த்தால் உண்மைதான். சர்க்கியூட் போர்டு அரிக்கிற ஃபெரிக் குளோரைடு, தண்ணீரில் விழுந்த போன்களைக் கழுவும் அல்ட்ராசானிக் கிளீனர், டிஸ்ப்ளே பிரிக்கும் ஹீட் பிளேட், செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகள், வாங்கிப் போக ஆள் வராத மிக்ஸிகள் எல்லாம் இருந்தன.

செய்ய நினைத்தது இதுதான். பென்சிலில் எழுதுகிற கார்பனான கிராஃபைட்டை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஓர் அணு கனமே உள்ள கிராஃபீன் தகடுகள் ஆக்கவேண்டும். அந்தத் தகடுகளின் மேல் மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை நானோ அளவில் வளர்க்கவேண்டும். கிராஃபைட் தானாகக் காந்தத்துக்கு இழுபடாது. சுத்தமாக இருந்தால் லேசாக விலகத்தான் செய்யும். தானே காந்தமாக இருக்கிற ஒற்றை அடுக்குப் பொருளும் உண்டு. 2017-ல் குரோமியம் ட்ரை அயோடைடின் ஒற்றை அடுக்கில் அதைக் காட்டினார்கள். ஆனால் அது 45 கெல்வினுக்குக் கீழே மட்டும்தான் காந்தம். அதாவது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 228 டிகிரி. திரவ நைட்ரஜனில் முக்கினாலும் அந்தக் குளிர் வராது. பங்குனி வெயிலில் கடைக்குள்ளேயே 38 டிகிரி காட்டுகிற ஊரில் அதற்கு ஆசைப்படக் கூடாது. மாக்னடைட்டோ 585 டிகிரி வரைக்கும் காந்தத்தன்மையை விடாது. ஆகவே காந்தத்துக்குத் துகள், பரப்புக்குத் தகடு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

முதல் கட்டம் கிராஃபைட் தேடுவது. கையில் இருந்தது மிக்ஸி கார்பன் பிரஷ். தேய்ந்த பிரஷ்கள் டப்பா டப்பாவாகக் கிடக்கின்றன, இடித்துப் போட்டால் காசே இல்லை என்றுதான் தொடங்கினேன். பிரஷ்ஷில் கிராஃபைட்டோடு பிசினும் மற்றக் கரியும் சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். சில வகையில் செம்பும் உண்டு. இடித்தால் மணல் மாதிரி உடைகிறதே தவிர, தகடாக வழுக்கவில்லை. பென்சில் முனையில் களிமண் கலப்பு. கடைசியில் ஹார்டுவேர் கடையில் பூட்டுக்குப் போடுவதற்கென்று விற்கும் கிராஃபைட் பொடி அரைக் கிலோ வாங்கினேன், 280 ரூபாய். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் பளபளப்பாக வழுக்கிக்கொண்டு போகவேண்டும். நறநறவென்றால் வாங்க வேண்டாம்.

மிக்ஸியில் அரைப்பது கேலிக்குச் சொன்னது இல்லை. 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவை வைத்து உரித்துத்தான் கிராஃபீனைப் பிரித்தார்கள், 2010-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். 2014-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மன் குழுவினர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் கிராஃபைட்டும் தண்ணீரும் சேர்த்துச் சமையலறை பிளெண்டரில் ஓட்டினாலே அடுக்குகள் பிரியும் என்று காட்டினார்கள். பிளேடு வேகமாகச் சுற்றும்போது பக்கத்துப் பக்கத்துத் தண்ணீர் வெவ்வேறு வேகத்தில் ஓடும். அந்த இழுப்பில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி விலகும். சோப்பு இடையில் புகுந்து, பிரிந்தது மறுபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

நான் எடுத்தது 750 வாட்ஸ் மிக்ஸி, ஒன்றரை லிட்டர் ஜார். அவர்கள் சொன்ன கணக்குப்படி அரை லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி சோப்பு ஊற்றினேன். ஓட்டிய பத்தாவது விநாடி மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்பு நுரை பொங்கி மேஜை, சுவர், நான் என்று எல்லா இடத்திலும் வழிந்தது. நம் ஊர்ச் சோப்புத் திரவம் நுரைப்பதற்கென்றே செய்தது போலிருக்கிறது. பிறகு கண்டுபிடித்த அளவு இது: ஜாரில் காற்றுக்கு அதிக இடம் விடாமல் 1,400 மில்லி பேட்டரி தண்ணீர் (உப்பு நீக்கிய தண்ணீர்), 40 கிராம் கிராஃபைட், 5 மில்லி சோப்பு. காற்று குறைந்தால் நுரையும் குறையும்.

ஒரு நிமிஷம் ஓட்டி மூன்று நிமிஷம் நிறுத்தவேண்டும். நிறுத்தும்போது ஜாரை ஐஸ் தண்ணீர்ச் சட்டியில் வைத்துவிடுவேன். மல்டிமீட்டரின் வெப்ப வயரை உள்ளே விட்டுப் பார்த்ததில், விடாமல் ஓட்டினால் 60 டிகிரியைத் தாண்டுகிறது. சோப்பும் கெடும், மோட்டாரின் ஓவர்லோடு சுவிட்சும் விழும். இப்படி நிறுத்தி நிறுத்தி, ஓடிய நேரம் மட்டும் அரை மணி. இதில் கவனிக்கவேண்டியது ஜாரின் அடி புஷ். கிராஃபைட் வழவழப்பான சாமான். தேய்ந்த புஷ் வழியாகக் கசிந்து கப்ளர் வழியே மோட்டாருக்குள் இறங்கிவிடும். கிராஃபைட் கரெண்ட் கடத்தும் என்பது மிக்ஸி பார்ப்பவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புது புஷ்ஷும் வாஷரும் போட்டுவிட்டுத் தொடங்குங்கள், 90 ரூபாய்தான். இந்த ஜார் மறுபடி சட்னிக்கு ஆகாது என்று மூடியில் பெயின்டில் எழுதிவிடுவதும் நல்லது.

அரைத்ததை உயரமான பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டேன். உரியாத கிராஃபைட் அடியில் தங்கும், அதை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். மேலே மூன்றில் இரண்டு பங்கு சாம்பல் கலந்த கறுப்பாக நிற்கும். அதைச் சிரிஞ்சும் டிரிப் ட்யூபும் வைத்து மெதுவாக உறிஞ்சிக்கொண்டேன்.

இங்கேதான் ஒரு நாள் வீணாய்த் துள்ளிக் குதித்தேன். உறிஞ்சிய கறுப்புத் தண்ணீரில், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காந்தத்தைச் சும்மா முக்கி எடுத்தால் கவர்மேல் மெல்லிய கறுப்புப் படிவு! இரும்பே சேர்க்கவில்லை, கிராஃபீன் தானாகவே காந்தத்துக்கு வருகிறது. அக்கா மகளுக்குப் போட்டோ அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது: "மாமா, அது கிராஃபீன் இல்லை. உங்க மிக்ஸி பிளேடு."

பிளேடில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டியது. ஸ்டீல் என்றாலும் கூர் நிற்கவேண்டும் என்பதற்காகக் காந்தம் பிடிக்கும் வகையில்தான் பல பிளேடுகள் வருகின்றன. அரைக்க அரைக்கப் பிளேடு கொஞ்சம் தேய்ந்து தண்ணீரில் கலந்துவிடுகிறது. கிராஃபைட் பொடியிலேயே கொஞ்சம் இரும்பு அழுக்கும் இருக்கும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2001-ல் நேச்சர் இதழில் காந்தக் கார்பன் என்று வந்த ஆராய்ச்சிக் கட்டுரையை, மாதிரியில் இரும்புக் கலப்பு இருந்தது தெரிந்து 2006-ல் திரும்பப் பெற்றார்கள். கார்பனும் காந்தமும் சேர்ந்த வேலையில் முதலில் சந்தேகப்படவேண்டியது இரும்புத் தூசியைத்தான்.

அதனால் இப்போது ஒரு கட்டம் கூடுதல். உறிஞ்சிய தண்ணீரில் கவர் சுற்றிய காந்தத்தை விட்டு அரை மணி நேரம் கலக்கவேண்டும். எடுத்துக் கவரைக் கழற்றிப் படிவைத் துடைத்துவிட்டு மறுபடி விடவேண்டும். கவர் சுத்தமாக வரும்வரைக்கும் இதே வேலைதான். இதைச் செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால், கடைசியில் காந்தம் இழுப்பது எதை என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி காந்தத் துகள். மாக்னடைட்டுக்கு இரண்டு வகை இரும்பு வேண்டும். இரண்டு எலக்ட்ரான் இழந்த ஃபெரஸ் ஒரு பங்கு, மூன்று இழந்த ஃபெரிக் இரண்டு பங்கு. இரண்டும் கலந்த கரைசலைக் காரமாக்கினால் மாக்னடைட் கறுப்பாக விழும். ஃபெரிக் குளோரைடு கடையில் இருந்தது. ஃபெரஸ் சல்பேட் என்பது நம் அன்னபேதிதான். உரக்கடையில் போய் நூறு கிராம் கேட்டேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"நூறு கிராமா? ஒரு தென்னைக்குக்கூடக் காணாதே வே. என்ன போட்டிருக்கீரு?"

"மிக்ஸி போட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றேன். சிரித்துவிட்டுக் கால் கிலோ பொட்டலமாகக் கொடுத்தார், 20 ரூபாய்.

அன்னபேதி நல்லதாக இருந்தால் வெளிர் பச்சைக் கட்டியாக இருக்கும். கடையில் வருவது பெரும்பாலும் காற்றுப் பட்டு மஞ்சளும் பழுப்புமாகப் பூத்திருக்கும். அந்தப் பூத்த பகுதி ஃபெரிக் ஆகிவிட்டது, அப்படியே நிறுத்துப் போட்டால் விகிதம் கெடும். முதலில் எனக்குக் கறுப்புக்குப் பதிலாகச் செங்கல் தூள் நிறத்தில் சகதி விழுந்தது அதனால்தான். இதற்கு ஒரு கைவேலை இருக்கிறது. கொதிக்கவைத்து ஆற்றிய பேட்டரி தண்ணீரில் அன்னபேதியைக் கரைத்து, பேட்டரி ஆசிட் நாலு சொட்டு விட்டு, எண்ணெய்ப் பிசுக்கில்லாத புது ஆணிகள் நாலைந்தைப் போட்டு மூடி வைக்கவேண்டும். இரும்பு ஃபெரிக்கை மறுபடி ஃபெரஸ் ஆக்கிவிடும். மறுநாள் காலையில் கரைசல் மஞ்சள் போய் வெளிர் பச்சைக்கு வந்திருக்கும். பஞ்சில் வடிகட்டி, பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி மூடிவிட்டால் சில நாள் தாங்கும்.

ஃபெரிக் குளோரைடிலும் இரண்டு வகை வருகிறது. கறுப்பு கலந்த பழுப்பில் பொடியாக இருப்பதில் தண்ணீர் சேர்ந்திருக்காது. மஞ்சள் கட்டியாக இருப்பதில் தண்ணீர் சேர்ந்தே இருக்கும், எடையில் நாற்பது சதவீதம் தண்ணீர்தான். எந்த வகை என்று பார்க்காமல் நிறுத்தால் ஃபெரிக் பங்கு பாதிக்குச் சற்று மேலே நின்றுவிடும்.

என் தராசு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல், 0.01 கிராம் வரை காட்டும். தேவைப்படுவதோ 0.12 கிராம் அன்னபேதி. அதை நேராக நிறுத்தால் பத்தில் ஒரு பங்கு பிசகும். ஆகவே பெரிதாகக் கரைத்துச் சின்னதாக எடுப்பதுதான் வழி. 100 மில்லி தண்ணீரில் 2.4 கிராம் அன்னபேதி ஒரு பாட்டில். 100 மில்லியில் 2.8 கிராம் ஃபெரிக் குளோரைடு பொடி இன்னொரு பாட்டில். மஞ்சள் கட்டியாக இருந்தால் 4.7 கிராம். இரண்டிலிருந்தும் மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் 5 மில்லி, 5 மில்லி எடுத்தால் விகிதம் தானாக வந்துவிடும். அதிலிருந்து கிடைக்கும் மாக்னடைட் 0.1 கிராம்.

உவரிக் கடற்கரையில் கறுப்பு மணல் அள்ளிக் கிடக்கிறதே, காந்தத்தில் ஒட்டுகிறதே, அதை அரைத்தால் போதாதா என்று கடைக்கு வருகிற நண்பர் கேட்டார். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். நல்ல காந்தத்துக்கு லேசாக வருமே தவிர மாக்னடைட் பலம் கிடையாது. எவ்வளவு அரைத்தாலும் மிக்ஸியில் நானோ அளவுக்கும் வராது. துகளை உடைத்துச் சிறிதாக்குவதைவிடக் கரைசலிலிருந்து சிறிதாகப் பிறக்கவைப்பது சுலபம்.

முதலில் செய்தது, மாக்னடைட்டைத் தனியாகச் செய்து கழுவி, கிராஃபீன் தண்ணீரில் ஊற்றி அல்ட்ராசானிக்கில் அரை மணி ஆட்டியது. பார்க்க நன்றாகக் கலந்துவிட்டது. காந்தத்தை வைத்தால் மாக்னடைட் மட்டும் தனியாக வந்து ஒட்டியது, கிராஃபீன் சாம்பல் நிறமாகத் தண்ணீரிலேயே நின்றது. காய்ந்த பாயில் மணலைத் தூவி உதறினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. துகள் தகட்டின் மேலேயே பிறக்கவேண்டும், வெளியே பிறந்து வந்து ஒட்டாது.

தகட்டின் மேல் வளர்க்க, கிராஃபீன் தண்ணீரில் இரும்புக் கரைசலை விட்டுப் பிறகு காரம் சேர்க்கவேண்டும். சோப்பு இருக்கிற தண்ணீரில் அப்படியே விட்டால் திரிதிரியாகத் திரண்டு நுரையும் சகதியுமாகிறது. சரி, சோப்பை முழுக்கக் கழுவிவிடலாம் என்று போர்டு துடைக்கிற ஐ.பி.ஏ.யில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரும்பத் திரும்ப அலசினேன். சோப்பு போய்விட்டது. ஆனால் வளர்த்த மாக்னடைட்டில் பாதி, ஆட்டியதும் கழன்று வந்துவிட்டது. அக்கா மகளிடம் கேட்டதற்கு விளக்கம் கிடைத்தது. சோப்பு மூலக்கூற்றின் வால் கிராஃபீன் மேல் படுத்துக்கொள்ளும், தலை எதிர் மின்னூட்டத்தோடு தண்ணீர்ப் பக்கம் நிற்கும். நேர் மின்னூட்டம் உள்ள இரும்பு அயனியைப் பிடித்து வைப்பது அந்தத் தலைதான். ஆக்சிஜன் ஏற்றிய கிராஃபீன் ஆக்சைடு என்றால் தகட்டிலேயே பிடிமானம் இருக்கும். அதைச் செய்ய அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கலக்கவேண்டும். வெடிக்கவும் வாய்ப்புள்ள அந்த வேலையைக் கடையில் வைத்துச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை, யாரும் செய்யவும் வேண்டாம்.

ஆகவே நடுவழி. கிராஃபீன் தண்ணீர் அரை லிட்டரில் ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டால் தகடுகள் திரண்டு அடியில் இறங்கும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு, பேட்டரி தண்ணீரில் ஒரே ஒரு முறை அலசி, 200 மில்லி புதுத் தண்ணீரில் அல்ட்ராசானிக்கில் இருபது நிமிஷம். மிதப்பு சோப்பு போய்விடும், தகட்டில் ஒட்டிய சோப்பு இருக்கும். இந்த 200 மில்லியில் சுமார் 0.1 கிராம் கிராஃபீன் இருந்தது. ஒற்றை அடுக்கு என்று அடித்துச் சொல்லமாட்டேன், சில அடுக்குத் தகடுகளும் கலந்துதான் இருக்கும். 40 கிராம் போட்டு இவ்வளவுதானா என்று தோன்றும். அடியில் தங்கியது அப்படியே இருக்கிறது, திரும்ப ஓட்டலாம்.

கலக்குவதற்கு நானே செய்த காந்தக் கலக்கி ஒன்று வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் ஃபேன்மேல் இரண்டு ஹார்ட் டிஸ்க் காந்தம் ஒட்டியது, மேலே பாத்திரத்தில் சுற்றும் காந்தக் குச்சி. அழகாக ஓடும். இதில் போட்டால் என்ன நடக்கும் என்று படிக்கிறவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். துகள் பிறக்கப் பிறக்கக் குச்சியிலேயே போய் முடிமுடியாக ஒட்டிக்கொண்டது. கடைசியில் பாத்திரத்தில் வெறும் தண்ணீர், குச்சியில் கறுப்பு முள்ளு. அதைத் தூக்கி வைத்துவிட்டு, பழைய டேப்ரிக்கார்டர் மோட்டாரில் ஐஸ்கிரீம் ஸ்பூனைக் கட்டி மேலிருந்து கலக்கினேன். ஐந்து வோல்ட் கொடுத்தால் தெறிக்காமல் சுற்றுகிறது.

பிறகு நடந்தது சுருக்கம். ஹீட் பிளேட்டை 70 டிகிரியில் வைத்து, கிராஃபீன் தண்ணீரில் ஃபெரிக் 5 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், பிறகு அன்னபேதி 5 மில்லி. அரை மணி நேரம் சும்மா கலக்கவிட்டேன். இந்த அரை மணியில்தான் இரும்பு தகட்டில் போய் உட்காருகிறது, அவசரப்பட்டால் துகள் தண்ணீரிலேயே பிறந்துவிடும். அடுத்து அம்மோனியா. 25 சதவீத அம்மோனியாக் கரைசலை ஒன்றுக்குப் பத்து நீர்த்து, சிரிஞ்சில் சொட்டாக விட்டதில், ஆறு மில்லி போனதும், காரம் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் பி.எச். தாள் 10 காட்டியது. முதல் சில சொட்டில் பழுப்பு மேகம் எழும். அது கலைந்து, ஒரு கட்டத்தில் பாத்திரம் முழுக்கச் சட்டென்று அடர் கறுப்பாகும். இன்னும் அரை மணி சூடு, பிறகு ஆறவிடுவது.

அம்மோனியாவை வீட்டுக்குள் திறக்காதீர்கள். நான் மொட்டை மாடியில் செய்தேன். ஆடி மாசக் காற்று மேற்கே மலையிலிருந்து அடித்து வீசும் நேரம். மேற்கே முதுகைக் காட்டி நின்றால் நெடி முகத்துக்கு வராது, கிழக்கே யாருடைய வடகமும் காயவில்லை என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஃபெரிக் குளோரைடு பட்ட தரையில் கறை போகவே போகாது, எங்கள் மாடியில் போய்ப் பார்க்கலாம்.

கழுவுவது இனிமேல் சுகமான வேலை. பாட்டிலுக்கு வெளியே காந்தத்தை வைத்து, கறுப்பு ஒதுங்கியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றலாம். வடிதாளே வேண்டாம். முன்பு கலவையில் பார்த்த சாம்பல் மங்கல் இப்போது ஏறக்குறைய இல்லை. அல்ட்ராசானிக்கில் பத்து நிமிஷம் ஆட்டியும் மங்கல் திரும்பவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய சான்று.

பலத்தை எப்படி அளப்பது? நகைத் தராசிலேயே வழி இருந்தது. தட்டின் மேல் நாலு சென்டிமீட்டர் தெர்மோகோல், அதன்மேல் காந்தம், எண்ணைப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ளவேண்டும். 0.1 கிராம் காய்ந்த பொடியைச் சின்ன ஊசிமருந்துக் குப்பியில் போட்டு, ஸ்டாண்டில் பிடித்துக் காந்தத்துக்கு மேலே சரியாக 15 மில்லிமீட்டரில் நிறுத்தவேண்டும். பொடி காந்தத்தை மேலே இழுக்கும், தராசு கழித்தலில் காட்டும். காந்தத்தில் சுத்தம் செய்யாத கிராஃபீன் கழித்தல் 0.02 காட்டியது, அதாவது பிளேடு இரும்பு. சுத்தம் செய்தது 0.00. தகட்டில் வளர்த்தது கழித்தல் 0.39. தனி மாக்னடைட் கழித்தல் 0.81. எடையில் சரிபாதிதான் மாக்னடைட் என்று கணக்குப் போட்டிருந்தேன், எண்ணும் ஏறக்குறைய பாதிக்கு வந்து நிற்கிறது. இதைப் பார்த்தபோது வந்த திருப்தி தண்ணீர் தெளிந்தபோதுகூட வரவில்லை.

இன்னொரு சோதனை, காந்தத்தை எடுத்த பிறகும் பொடிக்கு அதன் ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பது. லேத் பட்டறை இரும்புத் தூளைக் காந்தத்துக்குக் காட்டிவிட்டு எடுத்தால், தூள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகக் கிடக்கும். இந்தக் கறுப்போ, காந்தத்தை எடுத்துப் பாட்டிலைக் குலுக்கியதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி கலந்துவிடுகிறது. இந்த முறையில் பிறக்கும் துகள்கள் பொதுவாகப் பத்து நானோமீட்டர் அளவில் இருக்கும். அவ்வளவு சிறிய துகளில் காந்தத் திசை சாதாரண வெப்பத்திலேயே புரண்டுகொண்டே இருக்கும். வெளிக் காந்தம் இருக்கும்வரை ஒரே பக்கம் பார்க்கும், எடுத்ததும் கலைந்துவிடும். உலர்த்தும்போது மட்டும் சூட்டைக் குறைத்து வையுங்கள். ஹீட் பிளேட்டை 110-ல் மறந்து விட்டதில் ஓரமெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. காந்தத்துக்கு அதுவும் வந்தது. மாக்னடைட் மேலும் ஆக்சிஜன் ஏறி வேறு காந்த ஆக்சைடாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இதை வைத்து என்ன செய்வது? சாயத் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். அலங்கார மீன் கடையில் மெத்திலீன் புளூ விற்கிறார்கள், குப்பி 40 ரூபாய். 100 மில்லியில் சில சொட்டு விட்டு, ஒரு பக்கம் சிவப்பு எல்.இ.டி., மறுபக்கம் எல்.டி.ஆர். (வெளிச்சம் குறையக் குறைய மின்தடை கூடும் பாகம்), அதற்கு மல்டிமீட்டர். நீலச் சாயம் சிவப்பு வெளிச்சத்தைத்தான் விழுங்கும், அதனால் சிவப்பு எல்.இ.டி. வெறும் தண்ணீருக்கு 1.8 கிலோ ஓம், சாயத் தண்ணீருக்கு 14. எங்கள் கறுப்பை 0.05 கிராம் போட்டு அரை மணி குலுக்கி, காந்தத்தால் ஒதுக்கிப் பார்த்தால் 3.1. இரண்டு மணி கழித்து 2.3. கிராஃபீன் இல்லாத மாக்னடைட் மட்டும் போட்டபோது 12-க்குக் கீழே வரவில்லை. சாயத்தைப் பிடிப்பது தகடு, தூக்கிக்கொண்டு வருவது துகள்.

பத்தமடையில் பாய் நெய்கிற வீட்டிலிருந்து கோரைக்குச் சாயம் ஏற்றிய சிவப்புத் தண்ணீரும் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். சிவப்புக்குப் பச்சை எல்.இ.டி. மாற்றவேண்டும். 9.5 காட்டியது, ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தும் 8.6-க்குக் கீழே இறங்கவில்லை. கொடுத்த அம்மா, "தண்ணி அப்படியேதான தம்பி இருக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. தகட்டில் மிச்சமிருக்கிற சோப்பு எதிர் மின்னூட்டம். நேர் மின்னூட்டம் உள்ள மெத்திலீன் புளூவை அது கூப்பிடும், எதிர் மின்னூட்டச் சாயமாக இருந்தால் தள்ளிவிடும். இந்தச் சிவப்பு அந்த வகையாக இருக்கலாம் என்று அக்கா மகள் சொல்கிறாள்.

நீலத்தைப் பிடித்த கறுப்பை ஐ.பி.ஏ.யில் அலசினால் சாயம் பெரும்பகுதி வெளியே வருகிறது, திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் பிடிக்கும் திறன் ஒவ்வொரு முறையும் குறைகிறது. அலசிய திரவத்தையும் கறுப்பையும் சாக்கடையில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேர்க்கிறேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கிராஃபைட் 280, அன்னபேதி 20, அம்மோனியா அரை லிட்டர் 140, பேட்டரி தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் 100, பி.எச். தாள் 80, புஷ்ஷும் வாஷரும் 90, மீன் கடைச் சாயம் 40, சிரிஞ்ச், குப்பி, கையுறை எல்லாம் சேர்த்து 120. ஆக 870 ரூபாய். ஃபெரிக் குளோரைடு கடையில் இருந்தது, வெளியே வாங்கினால் 200 ஆகும். அல்ட்ராசானிக் இல்லாதவர்களுக்குத்தான் கை கடிக்கும். ஒரு கடையில் கேட்டு அரை மணி ஆட்டித் தரச் சொல்லலாம், மொபைல் கடைக்காரர்கள் மறுக்கமாட்டோம்.

அடுத்த முறை மாற்றப்போவது: பிளேடு. காந்தம் பிடிக்காத ஸ்டீல் தகட்டில் லேத்தில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். கூர் தேவையே இல்லை, நமக்கு வேண்டியது வேகம் மட்டும்தான். அன்னபேதிக் கரைசலை அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே செய்துகொள்வது நல்லது, வாரம் தாண்டினால் ஆணி போட்டும் மஞ்சள் ஏறுகிறது. மாக்னடைட் பங்கைப் பாதியிலிருந்து கால் ஆக்கிப் பார்க்கவேண்டும். தராசில் கழித்தல் 0.2 காட்டினாலும் பாட்டிலிலிருந்து ஒதுக்க அது போதும் என்று நினைக்கிறேன், தகட்டில் சாயத்துக்கு இடமும் கூடும். சிவப்புச் சாயத்துக்கு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை மேலே பூசினால் மின்னூட்டம் மாறும் என்கிறாள் அக்கா மகள். வினிகரில் கரைகிற பொடியாகக் கிடைக்கிறதாம். நூறு கிராம் சொல்லியிருக்கிறேன், பத்தமடைத் தண்ணீர் இன்னும் முக்கால் பாட்டில் இருக்கிறது.